கார்த்திகேசு பேரில் ஒரு தூக்கம்

கார்த்திகேசு குறட்டை விடமாட்டார். இதை அவரே சொல்லுவார். சொல்வதற்கு வேறு ஆள் கிடையாது.

"என் காதால நான் ஒரு நாளும் கேட்டதில்ல," என்பார். இதற்கு எதிர்வாதமே இல்லை என்று முப்பத்து நாலு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். அந்த முப்பத்து நாலு வருஷமும் அதே கட்டிலில் சுவர்ப் பக்கம் படுத்தவள் அவர் மனைவி வீரம்மா. அவள் சொல்வது கணக்கில் வராது. பெண்டாட்டி சொல்வதெல்லாம் சாட்சியா என்ன. பக்கத்து வீட்டு லியோனார்ட் சொல்வதும் கணக்கில் வராது. ஈப்போவுக்குப் பக்கத்தில் செமோரில், ஒட்டி ஒட்டிக் கட்டின அந்தத் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர்தான்.

"மச்சான், நேத்து ஒங்க வூட்டுல மோட்டர் ரிப்பேர் பாத்தீங்களா?" என்று லியோனார்ட் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்.

"அது கடைசி வூட்டு அஹ் செங் லோரி," என்பார் கார்த்திகேசு.

"அஹ் செங் லோரிய வித்து ரெண்டு வருஷமாச்சுலா."

"புதுசு வாங்கியிருப்பான்."

இப்படியே காலம் ஓடியிருக்கும். அவருடைய வேலை மட்டும் வேறு வேலையாக இருந்திருந்தால் ஓடியிருக்கும். கார்த்திகேசு ஒரு பேக்டரி பஸ் ஓட்டினார். காலையில் செமோரில் பெண்களை ஏற்றி ஈப்போவில் இறக்கி, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வரவேண்டும். ஒரு சாயங்காலம் சிக்னல் லைட்டில் பஸ் நின்றது. பச்சை விழுந்தது. பிறகு சிவப்பு விழுந்தது. மறுபடி பச்சை விழுந்தது. பின்னால் எல்லா வண்டியும் ஹாரன் அடித்தபோது முன் சீட்டுத் துளசி எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினாள்.

"அண்ணே, தூங்கிட்டீங்களா?"

"கண்ண மூடி யோசிச்சிக்கிட்டு இருந்தேன்."

"வாயத் தொறந்துகிட்டா யோசிப்பீங்க?"

பஸ்ஸில் நாற்பது பெண்களும் சிரித்தார்கள். கார்த்திகேசு சிரிக்கவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. ஆனால் துளசியின் அக்காவும் வீரம்மாவும் ஒரே டோபிக் கடையில் துணி மடிக்கிறவர்கள். அவர் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வீடு வந்து சேர்வதற்குள் சேதி வந்து சேர்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தது.

வீரம்மா சண்டை போடவில்லை. அதுதான் கெட்ட சகுனம். ஒரு வார்த்தை பேசாமல் சோறு போட்டாள். அடுத்த மாசம் அவர் பஸ் லைசன்ஸைப் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்துப் போடவேண்டிய பாரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, "நானும் வாரேன்" என்று குடையை எடுத்துக்கொண்டாள். வெளியே மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

கிளினிக்கில் டாக்டர் அவர் கழுத்தைச் சுற்றி நாடாவை வைத்து அளந்தார். அளந்த நம்பரைப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் அளந்தார்.

"ராத்திரியில கொறட்ட உண்டா?"

"இல்ல டாக்டர்."

"இருக்கு டாக்டர்," என்றாள் வீரம்மா.

"பகல்ல தூக்கம் வருதா?"

"எனக்கா? சேச்சே."

"இப்ப வெளிய ஒக்காந்திருந்தப்பயே தூங்கிட்டாரு டாக்டர். நம்பர் கூப்பிட்டதே நான் சொல்லித்தான் தெரியும்."

டாக்டர் பேனாவை மூடினார். தூக்கத்தைச் சோதித்து ரிசல்ட் வந்த பிறகுதான் கையெழுத்து என்றார். அதுவரைக்கும் பஸ் ஓட்டக்கூடாது என்றார். ஈப்போவில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். வீடு வரும்வரை கார்த்திகேசு பெண்டாட்டியோடு பேசவில்லை. வந்த பிறகும் பேசவில்லை. கோபத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். ரெண்டு நிமிஷத்தில் தூங்கிவிட்டார்.

லைசன்ஸ் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கார்த்திகேசு பிறந்தது, வளர்ந்தது, வீரம்மாவைக் கட்டியது எல்லாம் செமோருக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்தை விற்றார்கள். மரத்தைச் சாய்த்துவிட்டு வீடு கட்டினார்கள். வெளியே வந்தபோது அவர் கையில் இருந்தது பால் வெட்டுகிற கத்தி ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு ஈப்போ டவுனில் எதை வெட்டுவது? முப்பத்திரண்டு வயதில் மூன்று தரம் பெயிலாகி, நாலாவது தரம் பஸ் லைசன்ஸ் எடுத்தார். அதை எடுத்த அன்றுதான் தனக்கும் ஒரு தொழில் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. இப்போது ஐம்பத்தெட்டு. பஸ்ஸை விட்டு இறக்கினால் திரும்ப ஏற்றமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். இப்போதே டிப்போவில் அவரைப் பஸ் கழுவ விட்டிருந்தார்கள். தன் பஸ்ஸை வேறொருத்தன் ஓட்டிக்கொண்டு வர, அதைத் தானே நின்று கழுவுவது எப்படி இருக்கும் என்று கழுவினவனுக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் ஷர்மினி என்ற நர்ஸ் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தாள். சோப்புப் பெட்டி அளவுதான். நெஞ்சில் வாரால் கட்டிக்கொள்ள வேண்டும். மூக்குக்குக் கீழே ஒரு மெல்லிய குழாய். விரலில் ஒரு கிளிப்.

"இதப் போட்டுக்கிட்டு வீட்டுல சும்மா படுத்துத் தூங்குங்க அங்கிள். மத்தத அதுவே பாத்துக்கும். காலையில கொண்டாந்து குடுத்துடுங்க."

"யாரு மூச்சுன்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

ஷர்மினி சிரித்தாள். "அதுக்கு எப்படி அங்கிள் தெரியும்? பாரத்துல ஒங்க பேரு இருக்குல்ல."

கார்த்திகேசுவின் மண்டையில் ஒரு வெளிச்சம் விழுந்தது. அது எங்கிருந்து வந்த வெளிச்சம் என்பது தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லாமலே விளங்கும். தோட்டத்தில் விடியுமுன்னே, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்கவேண்டும். பேர் கொடுத்த பிறகு புருஷனுக்குக் காய்ச்சல் என்றால் பெண்டாட்டி தன் மர வரிசையான நெரையிலும் பால் வெட்டி, அவன் நெரையையும் வெட்டி, ரெண்டு பாலையும் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வருவாள். கணக்கெழுதுகிற கிராணி நிறுத்துப் பார்த்து அவன் பேருக்கு நேரே எழுதிக்கொள்வார். வெட்டின கை யாருடையது என்று பால் சொல்லாது. வீரம்மா அப்படி எத்தனையோ நாள் அவர் பேருக்கு வெட்டியிருக்கிறாள். அதிலே பாதி நாள் காய்ச்சல் இல்லை, தூக்கம்தான்.

அவர் பேருக்கு மரத்தை வெட்டியவள் இதைச் செய்யமாட்டாளா?

வீட்டுக்கு வந்ததும் பேச்சை எடுத்தார்.

"இந்தா வீரம்மா. இத இன்னிக்கி நீ கட்டிக்க."

"நானா? எதுக்கு?"

"நீ நல்லாத் தூங்குறவ. சத்தமே வராது. ஒன் மூச்சு நல்ல மூச்சு. என் பேருல போயி ஒக்காரட்டும்."

வீரம்மா அவரைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

"இது தப்பு இல்லியா?"

"தோட்டத்துல ஒனக்குத் தப்பாத் தெரிஞ்சிச்சா?"

"சரி," என்றாள் வீரம்மா. "குடுங்க, கட்டிக்கிறேன்."

கார்த்திகேசு அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். கல்யாணத்துக்குத் தாலி கட்டும்போதுகூட அவள் இத்தனை சீக்கிரம் தலையைக் குனிந்துவிடவில்லை. ஆனால் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. அவரே வாரைக் கட்டிவிட்டார், குழாயை வைத்துவிட்டார், கிளிப்பை மாட்டிவிட்டார். அவள் கைகளை மார்பில் மடித்து வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்தாள். அந்தக் கோலத்தைப் பார்க்க அவருக்கு என்னவோபோல் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தார், ரெண்டு நிமிஷத்தில் தூங்கிப்போனார்.

காலையில் எழுந்தபோது வீரம்மா அடுப்படியில் இருந்தாள். பெட்டி, குழாய், கிளிப் எல்லாம் மடித்துப் பையில் வைத்து, பை மேசைமேல் இருந்தது. கார்த்திகேசுவுக்கு மூக்கு லேசாக அரித்தது. ஆள்காட்டி விரலில் சிவப்பாக ஒரு தடம். எறும்பு கடித்திருக்கும் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டார்.

ரிசல்ட் வாங்க ரெண்டு பேரும் போனார்கள். கார்த்திகேசு ஏப்பம் விட்டுக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். ஷர்மினி தாளை எடுத்தாள். முகத்தில் அன்றைய சிரிப்பு இல்லை.

"அங்கிள், இது ரொம்ப மோசமா இருக்கு. தூங்கும்போது ஒரு மணி நேரத்துல நாப்பத்து மூணு தரம் மூச்சு நிக்குது."

"யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான். ஒரு தரம் அம்பத்திரண்டு செகண்டு நின்னிருக்கு. ரத்தத்துல காத்து கொறஞ்சுபோவுது. இத இப்படியே விட்டா நெஞ்சுக்கு ஆபத்து. தூக்கத்துலயே எதுனா ஆயிடலாம் அங்கிள்."

கார்த்திகேசு மெதுவாகத் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். வீரம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு சுவரில் இருந்த நெஞ்சுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்குச் சாவு ஓலை வந்ததைக் கேட்ட முகமாகவே இல்லை. அது அவருக்கு இன்னும் திக்கென்றது. அன்றைக்கே ஒரு மெஷினை இரவல் கொடுத்தார்கள். காற்றை ஊதுகிற மெஷின். மூக்கில் கவசம் மாட்டிக்கொண்டு அதோடு தூங்கவேண்டும். முப்பது நாள் ஒழுங்காகப் போட்டால் கையெழுத்துக்கு டாக்டர் யோசிப்பார் என்று ஷர்மினி சொன்னாள்.

திரும்பி வரும்போது வழியில் இருந்த சுண்ணாம்பு மலையெல்லாம் அவருக்குக் கல்லறையாகத் தெரிந்தது.

"கேட்டியா?" என்றார்.

"கேட்டேன். ஒங்களுக்குத்தான் சொன்னாங்க."

"அது நீ, வீரம்மா. நாப்பத்து மூணும் நீ."

"பாரத்துல ஒங்க பேரு," என்றாள் வீரம்மா.

அன்று முதல் கார்த்திகேசுவுக்குச் சோறு இறங்கவில்லை. டிப்போவில் பஸ்ஸைக் கழுவிக்கொண்டே மூச்சைப் பிடித்துப் பார்ப்பார். ஐம்பத்திரண்டு செகண்டு எவ்வளவு நேரம் என்று தெரிந்துகொள்ளத்தான். முப்பதுக்கு மேல் போகவில்லை. கண் பிதுங்கி, நீலம் பாரித்து, குழாய்த் தண்ணீர் காலில் ஊற்றிக்கொண்டிருக்க அப்படியே நிற்பார். இத்தனை வருஷமாக இவள் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு இப்படிச் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறாளே, நான் நல்லாத் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி மூச்சைப் பிடிப்பார்.

அப்போது அவருக்குப் பிச்சைமுத்துவின் ஞாபகம் வந்தது. பிச்சைமுத்து இதே கம்பெனியில் சிம்பாங் பூலாய் ஊர்ப் பக்கம் பஸ் ஓட்டியவர். போன வருஷம் ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. நோய் இல்லை, நொடி இல்லை. "தூக்கத்துலயே போயிட்டாரு. குடுத்து வச்ச சாவு" என்று எழவு வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். கார்த்திகேசுதான் உரக்கச் சொன்னார். பிச்சைமுத்துவின் பெண்டாட்டி முத்தம்மா அப்போது அவரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அன்றைக்கு அர்த்தம் தெரியவில்லை. இப்போது தெரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

மெஷினைப் பெட்டியோடு மூலையில் வைத்துவிட்டு, ராத்திரியெல்லாம் விழித்திருந்து அவள் மூச்சுக்குக் காவல் இருப்பது என்று முடிவெடுத்தார். வீராப்பாகத்தான் எடுத்தார். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணில் தைலத்தைத் தடவிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். ரெண்டே நிமிஷம். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் நின்றுகொண்டே காவல் இருக்கலாம் என்று அலமாரியில் சாய்ந்து நின்றார். அலமாரியோடு சேர்ந்து விழுந்தார். விடிந்து எழுந்ததும் முதல் வேலையாக அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பார். கேட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

பகலில் மட்டும்தான் அவரால் காவல் இருக்க முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை வீரம்மா சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தாள். அவர் குந்திக்கொண்டு அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்தார். அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"என்னா பண்றீங்க?"

"மூச்சு வருதான்னு பாக்குறேன்."

"வருதா?"

"வருது."

"அப்ப வெரல எடுங்க. பூண்டு வாட வருது."

கடைசியில் வேலியோரம் லியோனார்டிடம் எல்லாவற்றையும் கொட்டினார். லியோனார்ட் ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்து ரிட்டையரானவர். கேலி பேசுகிற மனுஷன் அன்றைக்குக் கேலி பேசவில்லை.

"மச்சான், போயி உண்மைய சொல்லிடுங்க."

"சொன்னா லைசன்ஸ் போயிடும். ஏமாத்துனவன்னு கேஸ்கூடப் போடுவாங்க."

"லைசன்ஸ் ஒரு அட்டை மச்சான். அக்கா ஒரு ஆளு."

கார்த்திகேசு பிடித்திருந்த வேலிக் கம்பியை விட்டார். பிறகு உள்ளே போனார். வீரம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நாளைக்கி ஆஸ்பத்திரிக்குப் போறேன். அந்த மூச்சு ஒன் மூச்சுன்னு சொல்லிடப் போறேன். லைசன்ஸ் போனா போகட்டும். நான் பஸ்ஸே கழுவிக்கிறேன். நீ இருந்தாப் போதும்."

வீரம்மாவின் கை நின்றது. அவள் தலையைக் குனிந்தபடியே இருந்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான் என்று கார்த்திகேசு நினைத்தார்.

"ஏங்க," என்றாள் கொஞ்சம் கழித்து. "போயி சொன்னா மெஷினத் திருப்பி வாங்கிக்குவாங்க. மறுபடி எனக்குன்னு கடுதாசி எழுதி, டெஸ்ட் எடுத்து, வேற மெஷின் வர எத்தன மாசம் ஆகும்?"

"அப்ப இந்த மெஷினயே நீ இன்னிக்கே போட்டுக்க."

"எனக்குப் பயமா இருக்குலா. அது மூஞ்சிய மூடுது. மூச்சடச்சு நான் செத்துட்டா?"

"செத்துறக் கூடாதுன்னுதானே போடுறது."

"நீங்க மொதல்ல போட்டுக் காட்டுங்க. முப்பது நாளு நீங்க போட்டுக்கிட்டு ஒழுங்கா எந்திரிச்சீங்கன்னா, முப்பத்தோராவது நாளு நான் போட்டுக்கிறேன். ஒங்க கையெழுத்தும் கெடச்சிடும்."

"அதுக்குள்ள ஒனக்கு எதுனா ஆயிட்டா?"

"ஒருக்களிச்சுப் படுத்தா மூச்சு அவ்வளவா நிக்காதாம். அந்த நர்சுப் புள்ள சொல்லிச்சு. நான் சொவத்தப் பாத்து ஒருக்களிச்சே படுத்துக்கிறேன். முப்பது நாளுதான்."

கார்த்திகேசு ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட அன்றைக்கே துன்பம் தொடங்கியது. கவசத்தை மாட்டி மெஷினைப் போட்டால் பெருங்காற்று மூக்கில் நுழைந்து எங்கே போவது என்று தெரியாமல் வயிற்றுக்குள் போனது. வாயைத் திறந்தால் வாய் வழியாகப் புஸ்ஸென்று வந்தது. பேசினால் தவளைக் குரல். முதல் நாள் மூன்று தரம் கழற்றி எறிந்தார். ஒவ்வொரு தரமும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த வீரம்மாவின் முதுகைப் பார்த்தார். முதுகு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். பிறகு தானே எடுத்து மாட்டிக்கொண்டார். தனக்கு வந்த நோயாக இருந்தால் இந்நேரம் ஜன்னல் வழியாகப் போயிருக்கும் மெஷின்.

காலையில் முகத்தில் வார் பதிந்த கோடு மத்தியானம்வரை போகாது. டிப்போவில் கேட்டவர்களுக்கு எல்லாம் தலையணை உறை சரியில்லை என்று சொன்னார். தினமும் கவசத்தைக் குழந்தை சோப்புப் போட்டுக் கழுவி நிழலில் காயவைத்தார். காற்றை ஈரமாக்குகிற மெஷின் தொட்டியில் கொதித்து ஆறின தண்ணீர் கூடாது, கடையில் விற்கிற வடித்த தண்ணீர்தான் ஊற்றவேண்டும் என்று தெரிந்துகொண்டார். எல்லாவற்றையும் வீரம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். "நாளைக்கி ஒனக்கு ஒதவும்" என்பார். அவளும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள்.

எல்லாம் சரியாகி வந்தபோது ஒரே ஒரு தொல்லை மிஞ்சியது. மூக்கடியில் காற்று கசிந்து சீட்டி அடித்தது. வீரம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஷர்மினியிடம் பேசினாள். ரொம்ப நேரம் பேசினாள். போனை வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"மீசைய எடுக்கணுமாம்."

கார்த்திகேசுவின் கை தானாக மேல் உதட்டுக்குப் போனது. அது தோட்டத்தில் அரும்பின மீசை. கல்யாணப் படத்தில் மாப்பிள்ளைக்கு முன்னால் தெரிகிற மீசை. நரைத்த பிறகும் மை போட்டு வளர்த்த மீசை.

"மீச இருந்தா கவசம் ஒட்டாதாம். காத்து அது வழியாத்தான் போவுதாம்."

"ஒனக்கு மீச இல்ல. ஒனக்கு நல்லா ஒக்காரும்லா."

"எனக்கு ஒக்காரும். ஆனா நீங்க முப்பது நாளு போடணுமே."

அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது முகம் உரித்த முட்டையாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் லியோனார்ட் பார்த்துவிட்டு, "யார் மச்சான் எறந்தது?" என்று மெதுவாகக் கேட்டார். கார்த்திகேசு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்று முழுக்க ஒரு கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு பஸ் கழுவினார். அவருக்கு ஒரே ஒரு ஆறுதல்தான். வீரம்மா பிழைத்துக்கொள்வாள்.

ஒன்று மட்டும் அவருக்கு விளங்கவில்லை. கொஞ்ச நாளாகக் காலையில் தலைவலி இல்லை. தே தாரிக் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கிவிழுவது நின்றுவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே விழித்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டாததால் உடம்புக்கு ஓய்வு கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டார். விழித்திருக்க முடிந்ததால் வருத்தப்படுவதற்கும் கூடுதல் நேரம் கிடைத்தது.

முப்பதாவது நாள், மெஷின் கணக்கைப் பதிந்து வைக்கிற அட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஷர்மினி கணினியில் போட்டுப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"அங்கிள், ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு நாள்கூட விடல நீங்க. நாப்பத்து மூணு இருந்தது இப்ப ரெண்டுதான். ரெண்டு எல்லாருக்கும் இருக்கிறதுதான்."

'எனக்கு எப்பவுமே ரெண்டுதான்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார் கார்த்திகேசு. தான் சுத்தமான ஆள் என்பதற்குக் கணினியே சாட்சி. ஆனால் அதைச் சொல்லிப் பெருமைப்பட முடியவில்லை. டாக்டர் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோதும் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. நாற்பத்து மூன்றும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு ஆனதும் கார்த்திகேசு மெஷினைத் துடைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். தண்ணீர் ஊற்றினார். புதிதாகக் கழுவின கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வா வீரம்மா. முப்பத்தோரு நாளாச்சு. பகல்லயே கொஞ்ச நேரம் போட்டுப் பழகிக்க. நான் பக்கத்துலயே ஒக்காந்திருக்கேன். இப்ப எனக்குத் தூக்கம் வராது."

வீரம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் கவசத்தை அவள் முகத்துக்குக் கொண்டுபோனார். அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு வேணாங்க."

"சொன்ன சொல்லு மாறாத. நாப்பத்து மூணு தரம் வீரம்மா. அம்பத்திரண்டு செகண்டு."

"அது நான் இல்ல."

"பாரத்துல என் பேருன்னு மறுபடி ஆரம்பிக்காத."

"பேரும் ஒங்க பேருதான். மூச்சும் ஒங்க மூச்சுதான்," என்றாள் வீரம்மா. "அன்னிக்கி நீங்க படுத்தது பத்து மணி. பத்து அஞ்சுக்கு நான் எல்லாத்தையும் கழட்டி ஒங்களுக்கு மாட்டிட்டேன். வாரக் கட்டுறதுக்கு ரெண்டு தரம் பொரட்டிப் போட்டேன். நீங்க முழிக்கல. காலையில அஞ்சு மணிக்குக் கழட்டிப் பையில வச்சேன்."

கார்த்திகேசு தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். பிறகு மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"எறும்பு..."

"கிளிப்பு."

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அது வர நேரமாயிற்று. அதற்கு முன்னால், இவள் சாகமாட்டாள் என்கிற நினைப்பு வந்துவிட்டது. அது வந்து உட்கார்ந்த பிறகு கோபத்துக்கு இடமில்லாமல் போனது.

"முப்பது நாளா நான் சோறு தின்னல தெரியுமா ஒனக்கு?"

"பாத்தேன். பாவமாத்தான் இருந்துச்சு. ரெண்டு தரம் வாய்வரைக்கும் வந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

வீரம்மா கவசத்தின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பிச்சமுத்து அண்ணே செத்தப்ப முத்தம்மா என்கிட்ட ஒண்ணு சொன்னா. ராத்திரி கொறட்ட நின்னுச்சாம். அப்பாடா, நல்லாத் தூங்குறாருன்னு அவளும் திரும்பிப் படுத்துத் தூங்கிட்டாளாம். அன்னிலேர்ந்து ஒங்க கொறட்ட நிக்கிறப்பயெல்லாம் நான் எந்திரிச்சு ஒக்காந்துக்குவேன். மறுபடி சத்தம் வந்தாத்தான் படுப்பேன். ஒரு வருஷம் அப்படித்தான் போச்சு. தோட்டத்துல ஒங்க நெரைய நான் வெட்டுனேன். அது என்னால முடிஞ்சுது. ஒங்க தூக்கத்த நான் எப்படிங்க ஒங்க பேருல தூங்குறது?"

மெஷின் பக்கத்தில் சும்மா இருந்தது. வெளியே லியோனார்ட் வீட்டு ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"நோயி ஒனக்குன்னு நெனச்சுல்ல நான் போட்டுக்கிட்டேன்," என்றார் கடைசியில்.

"தெரியும். ஒங்களுக்குன்னு சொல்லியிருந்தா மூணு நாளுகூடப் போட்டிருக்க மாட்டீங்க."

இருந்தாலும் ஒரு ஆம்பிளை தன் பங்குக்கு ஏதாவது கேட்டு வைக்கவேண்டும் இல்லையா. மேல் உதட்டைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"சரி, எனக்கு வந்த நோயி, நான் மெஷின் போட்டேன், மீசையையும் குடுத்தேன். அந்த நர்சுப் புள்ள சொன்ன மாதிரி காத்து கசியறது நின்னுச்சுல்ல?"

வீரம்மா எழுந்து கவசத்தைக் கட்டிலில் அவர் தலைமாட்டில் வைத்தாள்.

"அந்தப் புள்ள கவசத்து வார இறுக்கிக் கட்டத்தான் சொல்லிச்சு. மீசையப் பத்தி அது ஒண்ணுமே சொல்லலீங்க."